மடிப்பு மட்டும் போதாது



சமச்சீர் பாடம் என்றதும் வகுப்பறையில் முதலில் வந்து உட்காருவது வண்ணத்துப்பூச்சிதான். தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் வண்ணம் தடவி, அழுத்திப் பிரித்தால் இரண்டு சிறகும் ஒன்றுபோல வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நல்ல தொடக்கம் அது. ஆனால் பல வகுப்புகளில் பாடம் அந்த மடிப்போடு முடிந்துபோகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் சமச்சீர், இல்லாவிட்டால் இல்லை என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்கிறது. அது பாதிப் பாடம்தான். மீதியைக் கற்றுக்கொடுக்க நம் ஊரிலேயே என்னென்ன இருக்கின்றன என்று இன்று பார்ப்போம்.

நம் ஊர் என்று நான் சொல்வது இரும்பை. விழுப்புரம் மாவட்டத்தில், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கும் ஊர். செம்மண் பூமி, பனைமரங்கள், பக்கத்திலேயே ஆரோவில்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. செவ்வகத்துக்கு மூலைவிட்டம் சமச்சீர்க்கோடா என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஆமாம் சார், ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்கு" என்று நிறையக் குரல்கள் வரும். மறுத்துப் பேச வேண்டாம். ஒரு தினத்தாளைக் கையில் கொடுத்து, மூலைக்கு மூலை மடிக்கச் சொல்லுங்கள். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். பரப்பு சமமாக இருப்பது வேறு, ஒன்றோடொன்று பொருந்துவது வேறு என்று கை சொல்லிக்கொடுத்துவிடும்.

அடுத்து, அதே கையில் ஒரு பனையோலைக் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்காக வைத்து நடுவில் முள் குத்தி, காற்றுக்கு எதிரே ஓடிய அனுபவம் இந்தப் பக்கத்தில் பலருக்கும் உண்டு. இதற்குச் சமச்சீர்க்கோடு எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகள் தேடுவார்கள், கிடைக்காது. நான்கு இறக்கையும் ஒரே போக்கில் சாய்ந்திருப்பதால் எப்படி மடித்தாலும் சாய்வு மாறிப்போகும். ஆனால் கால் சுற்றுத் திருப்பினால் பழையபடியே இருக்கும். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை அப்படிப் பொருந்துகிறது. ஆகவே சுழல் சமச்சீரின் வரிசை 4.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இடது இறக்கை வலது இறக்கையின் கண்ணாடிப் பிம்பமாக இருந்திருந்தால், காற்று ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் தள்ளும். காற்றாடி சுற்றாமல் நின்றுவிடும். மடிப்புக் கோடு இல்லாததால்தான் அது சுற்றுகிறது! சமச்சீர் வெறும் அழகுக்காக இருப்பது என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஹெர்மன் வைல் என்ற கணிதமேதை 1952இல் சமச்சீரைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதன் அடிப்படை எளிமையானது. ஒரு பொருளுக்கு ஏதோ ஒன்றைச் செய்கிறோம், செய்த பிறகும் அது முன்பு இருந்தபடியே இருக்கிறது. அந்தச் செய்கைதான் அதன் சமச்சீர். மடிப்பது ஒரு செய்கை, திருப்புவது இன்னொன்று, நகர்த்துவது மற்றொன்று.

இப்போது வாசல் கோலத்துக்கு வருவோம். "ஏழு புள்ளி ஒன்று வரை, நேர்ப்புள்ளி" என்று வைத்தால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று அமையும். மொத்தம் 25 புள்ளிகள். கால் சுற்றுத் திருப்பினாலும் புள்ளிக்கூட்டம் மாறாது. "ஏழு புள்ளி நான்கு வரை, ஊடுபுள்ளி" என்று வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37. இடைவெளியைச் சீராக வைத்தால் அறுகோணம் கிடைக்கும், 60 பாகை திருப்பினாலே போதும். எந்தக் கோலத்துக்கு எந்தப் புள்ளி என்று பெரியவர்கள் தேர்ந்தெடுக்கும்போதே, அது நான்காகச் சுற்றுமா ஆறாகச் சுற்றுமா என்பது முடிவாகிவிடுகிறது.

அந்த அறுகோணத்தில் ஆறிதழ்த் தாமரை போட்டு வண்ணம் தூவச் சொல்லுங்கள். எல்லா இதழுக்கும் ஒரே வண்ணம் என்றால் வரிசை 6. சிவப்பு, மஞ்சள் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் 3. ஒரே ஓர் இதழுக்கு மட்டும் வேறு வண்ணம் கொடுத்தால் சுழற்சி போய்விடும், ஆனால் ஒரு சமச்சீர்க்கோடு மட்டும் தப்பி நிற்கும். ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

கோலத்தைக் கணிதமாகப் பார்த்தவர்களில் முன்னோடிகள் தமிழ்நாட்டுக்காரர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக்காட்டும் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் படங்களின் இலக்கணம் என்று வளர்ந்த துறைக்கு நம் வாசற்படியும் ஒரு விதை போட்டது.

ஆரோவில் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி வைத்திருக்கிறேன். ஆரோவிலை நிறுவிய ஸ்ரீ அன்னையின் சின்னத்தைப் பார்த்திருப்பார்கள். உள்ளே நான்கு இதழ், வெளியே பன்னிரண்டு இதழ். முழுச் சின்னத்தின் சுழல் வரிசை என்ன? 4 என்று கண்டுபிடிப்பார்கள். வெளியே 10 இதழ் இருந்தால்? 2 ஆகிவிடும். இரண்டு இதழ் எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

இவ்வளவு சொன்னாலும் ஓர் எச்சரிக்கையும் தேவை. கோலத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, நம் பண்பாட்டிலேயே கணக்கு இருக்கிறது" என்று பெருமைப்பட்டு நிறுத்திக்கொண்டால் பிள்ளை எதையும் கற்றிருக்காது. கோலம் போட்ட கை, அதை எண்ணெய்த்தாளில் நகலெடுத்து, நடுவில் குண்டூசி குத்தி, திருப்பி, எத்தனை முறை பொருந்துகிறது என்று எண்ண வேண்டும். அப்போதுதான் கலை பாடமாகிறது. ஆண்பிள்ளைகளையும் கோலமாவைத் தொடச் சொல்லுங்கள். வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவருக்குத் திருப்பத்தின் திசை பிடிபடாது.

செலவும் பெரிதில்லை. பழைய தினத்தாள், ஓலை, எண்ணெய்த்தாள், குண்டூசி, கோலமாவு. ஆசிரியர்களே, தேர்வுத்தாளில் "சமச்சீர்க்கோடுகள் எத்தனை" என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேருங்கள். "இந்த உருவத்துக்கு என்ன செய்தால் அது மாறாமல் இருக்கும்? எப்படித் தெரிந்துகொண்டாய்?" விடையைவிடப் பிள்ளை சொல்லும் காரணத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் தாளை மடித்தும் திருப்பியும் கொண்டிருந்தால் விளையாட்டு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அப்போது அது கணக்குதான் படித்துக்கொண்டிருக்கிறது.