தருபவர் கணக்கில் வரவு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பு, வாட்ச்மேன் சம்பளம், மொட்டைமாடி ஒழுகல் எல்லாவற்றையும் செயலாளர் சொல்லிவிட்டார். நான் பேச வந்தது நம் வரவு செலவுக் கணக்கில் எங்குமே வராத ஒன்றைப் பற்றி. நம் எல்லோர் போனிலும் இருக்கிற செயலி, நாம் 'தண்ணி மணி' என்று கூப்பிடுவது.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் எந்த நாள் நமக்கு வரும் என்பது ஓரளவு தெரியும். எந்த நேரம் என்பது தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கும் வரும். கீழே குழாயில் தண்ணீரை முதலில் பார்க்கிறவர் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், எல்லார் போனிலும் மணி அடிக்கும். குடத்தோடு இறங்கிவிடலாம். விலை கிடையாது, விளம்பரமும் கிடையாது. இதைச் செய்தவர் மூன்றாவது மாடித் தம்பி. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

அந்தத் தம்பி போன மாதம் என்னிடம், "சார், இதை நிறுத்திரலாம்னு இருக்கேன்" என்றார். ஏன் என்று யோசித்தபோது, காரணங்களில் நானும் ஒருவன் என்று தெரிந்தது. அதனால்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

முதல் தப்பை 2024 தொடக்கத்தில் செய்தேன். செயலியை கூகுளின் பிளே ஸ்டோரில் ஏற்ற அந்தத் தம்பி முயன்ற சமயம். கணக்குத் தொடங்க ஒரு தடவைக் கட்டணம் 25 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். கட்டிவிட்டார். ஆனால் 2023 நவம்பரிலிருந்து இன்னொரு விதி. தனிநபர் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் 20 பேர், 14 நாள் தொடர்ந்து, சோதனைப் பயனாளர்களாகச் சேர்ந்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. தனியாள் என்ன செய்வார்? வீடு வீடாக வந்து, "உங்க ஜிமெயில் முகவரி குடுங்க, ஒரு லிங்க் அனுப்பறேன், அமுக்குங்க" என்றார்.

நான் முப்பத்தைந்து வருஷம் பேங்க்கில் இருந்தவன். லிங்க் என்றாலே எனக்கு மோசடிதான். உடனே வாட்ஸ்அப் குழுவில், "யார் லிங்க் அனுப்பினாலும் தொடாதீர்கள்" என்று போட்டேன். நல்லெண்ணத்தில்தான் போட்டேன். ஒன்பதாம் நாள் நான்கு பேர் விலகிவிட்டார்கள். பாவம், தம்பி மறுபடி முதலிலிருந்து ஆள் சேர்த்தார். அந்த 20 என்பது 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைந்தது. அதற்குள் அவர் பட வேண்டியதைப் பட்டுவிட்டார்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிது. ஒருநாள் விடியற்காலை தண்ணீர் வந்தது, என் போனில் மணி அடிக்கவில்லை. அன்று கேன் தண்ணீர் வாங்கினோம். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபத்தில் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "அவசரத்துக்கு உதவாது, வீண்" என்று எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் தம்பி வந்தார். என் போனை வாங்கிப் பார்த்தார். சில போன் கம்பெனிகள், பேட்டரி நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்பதற்காக, பின்னால் ஓடும் சின்னச் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடுமாம். அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அரை நிமிட வேலை. செயலியில் ஒரு குறையும் இல்லை. போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார்: "ஏன் சார், மூணாவது மாடிதானே? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நட்சத்திரத்தை அன்றே மாற்றினேன். ஆனால் அந்தக் கேள்வியை மாற்ற முடியவில்லை.

அதன்பிறகுதான் இந்த வேலையில் என்னென்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டேன். செய்து முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. நம்மில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கிறோம் அல்லவா? செயலிக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வருகிறது. அதற்கு ஏற்றபடி செயலியைத் திருத்த வேண்டும். கெடு பெரும்பாலும் ஆகஸ்ட் 31. திருத்தாமல் மிகவும் பழையதாகிவிட்டால், புதுப் போன் வாங்குகிறவர்களுக்குக் கடையில் அந்தச் செயலியே தெரியாது. பகலில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர் இதை ராத்திரியில்தான் செய்ய வேண்டும்.

"ஐபோனுக்கு ஏன் இல்லை?" என்று நம்மில் சிலர் கேட்டோம். ஆப்பிளுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 99 டாலர், அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு தடவை அல்ல, வருஷா வருஷம். இலவசமாகக் கொடுக்கிறவர் கையிலிருந்து போட வேண்டும்.

பணத்தைவிடப் பேச்சு கஷ்டம். விளம்பரம் போட்டால், "பார், காசு பார்க்க ஆரம்பித்துவிட்டான்" என்கிறோம். போடாவிட்டால், "இவனுக்கு என்ன லாபம்? நம் விவரத்தைத் திருடுகிறானோ?" என்கிறோம். நன்றாக ஓடுகிறவரை யாரும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் ஓடாவிட்டால் எல்லோரும் திறக்கிறோம்.

இது நம் குடியிருப்புக் கதை மட்டுமல்ல. இன்று வாட்ஸ்அப்பில் தமிழில் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறோம். கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பதே வித்தையாக இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். விசுவநாதன் என்ற தனிமனிதர் எழுதிய 'அழகி' 2000-இல் வந்தது. முகுந்தராஜ் 'இ-கலப்பை'யை இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு அஞ்சல்' தொடங்கியவர். அவருடைய 'செல்லினம்' 2005 பொங்கல் சமயம் சிங்கப்பூரில் கைப்பேசிக்கு வந்து, பிறகு ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இலவசமாகக் கிடைத்தது. இவர்கள் கொடுத்ததில் எத்தனை கோடி எழுத்து அடித்திருப்போம்! ஒரு வரி நன்றி எழுதியவர் இங்கே எத்தனை பேர்? நானும் எழுதியதில்லை.

வெளிநாட்டில் நடந்த இரண்டையும் சொல்கிறேன். வியட்நாமின் ஹனோயில் டாங் நுயென் என்ற இளைஞர் 'ஃப்ளாப்பி பேர்ட்' என்ற இலவச விளையாட்டைச் செய்தார். 2014 தொடக்கத்தில் உலகமே அதை விளையாடியது. விளம்பரத்தில் நல்ல பணமும் வந்தது. அப்படியும் அந்த பிப்ரவரியிலேயே, தன் எளிய வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று சொல்லி, கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஆக, பணம் வந்தாலும் தனியாளுக்குத் தாங்க முடியாத பாரம் ஒன்று உண்டு.

இன்னொருவர் ஸ்லோவாக்கியா நாட்டின் டிபோர் கபுதா. கேலரி, காலண்டர், கடிகாரம் என்று விளம்பரமில்லாத சின்னச் சின்னச் செயலிகள், 'சிம்பிள் மொபைல் டூல்ஸ்' என்ற பெயரில். 2023 கடைசியில் அவற்றை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். பயன்படுத்தியவர்களுக்குக் கோபம். ஆனால் அவர் மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தார். அதை எடுத்து 'ஃபாஸிஃபை' என்ற பெயரில் வேறு சிலர் தொடர்ந்தார்கள். ஆள் விலகினாலும் வேலை நிற்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

மலிவாகக் கிடைப்பதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? 2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயானது. நடுவில் 14 வருஷம். மெழுகு, அட்டை, சிவப்பு பாஸ்பரஸ், கூலி எல்லாம் ஏறிக்கொண்டே இருந்தது. கடையில் நாம் நீட்டியது அதே ஒரு ரூபாய். அந்த வித்தியாசம் எங்கே போயிற்று? தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் தலையில். விலை மாறவில்லை என்பதற்காகச் செலவு இல்லை என்று ஆகாது. விலையே இல்லை என்றாலும் அப்படித்தான்.

நான் பி.காம். படித்தபோது முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த விதி: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. நம் பக்கத்துப் பற்றை மட்டும் எழுதிவிட்டு, தம்பி பக்கத்து வரவை எழுதாமல் இரண்டு வருஷமாகப் பேரேட்டை மூடி வைத்திருக்கிறோம். இருப்பு எப்படி நேராகும்?

ஆகவே, இந்தக் கூட்டத்தின் முன் நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, செயலியில் குறை என்றால் நட்சத்திரத்தில் கை வைக்குமுன் மூன்றாவது மாடிக்குப் போங்கள். நடு ராத்திரியில் அல்ல. எந்தப் போன், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். "வேலை செய்யல" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது, கோபத்தில் போட்ட நட்சத்திரத்தை இன்றைக்கே மாற்றுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். எனக்கு அனுபவம் உண்டு.

மூன்றாவது, அவர் கையிலிருந்து போட்ட தொகையைச் சங்கம் வவுச்சர் போட்டுத் திருப்பித் தர வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்வார். அதைக் கேட்காதீர்கள்.

நான்காவதுதான் முக்கியம். பேங்க்கில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒருவர் கையில் இருக்காது. அது அவநம்பிக்கையால் மட்டும் அல்ல. ஒருவர் லீவு போட்டு நிம்மதியாக ஊருக்குப் போகவும்தான். நம் குடியிருப்பில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேர் அந்தத் தம்பியிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். நிரல் சங்கத்திடமும் ஒரு பிரதி இருக்கட்டும். ஸ்லோவாக்கியாக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

இதெல்லாம் செய்தபிறகும் தம்பி நிறுத்துகிறேன் என்றால், அவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. எனக்கு அறுபது வயதில் சால்வை போட்டு, மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். அவர் விலகும் நாளில் நாமும் கீழே இறங்கி நின்று கைகுலுக்கி அனுப்ப வேண்டும். அவர் கேட்காமல் கொடுத்தார்; நாம் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.

தம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று வாசலில் அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி, மூன்று மாடி ஏறி வர எனக்குச் சோம்பல். உட்கார்ந்த இடத்திலிருந்து திட்டுவது சுலபமாக இருந்தது. தப்பு என்மேல்தான்.