கிட்டியும் வரிப்பணமும்



கிட்டி என்பது ஒருமுனையிற் பிணைத்த இரு கோல்கள். வரி நிலுவையுள்ள குடியானவனின் விரல்களை அவற்றிடையே வைத்து நெரிப்பர். அண்ணாந்தாள் என்பதோ கழுத்தையும் கால்விரல்களையும் ஒரே கயிற்றாற் பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்துவது. சென்னைவாசிகள் சங்கத்துக் காஜுல லட்சுமிநரசு செட்டியார் முதலியோரின் முறையீடு பார்லிமெண்டு வரை சென்றமையால், 1854-இல் விசாரணைக் குழு அமைந்தது. அதற்கு வந்த முறையீடுகள் 1,959.

கொடுமை உண்மையே என 1855-இல் குழு அறிக்கையிட்டது. ஆயினும் வெள்ளை அதிகாரிகளை விலக்கிப் பழியைச் சுதேசச் சிப்பந்திகள்மீதே ஏற்றியது. இஃது எனக்கு உடன்பாடன்று. பணம் முழுதும் வரவேண்டும் என்று கட்டளையிட்டு, எவ்வாறு வந்தது என்று வினவாத கலெக்டருக்குப் பங்கில்லையோ? அதனால் நாம் தப்பவும் இயலாது. கிட்டியைப் பிடித்த கை நம்மவர் கையே.

தாசில்தாரிடம் வரிவசூலும் போலீசும் ஒருங்கே இருந்தன. அடிபட்டவன் அடித்தவனிடமே முறையிட வேண்டியிருந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் போலீசைத் தனியே பிரித்தது. சித்திரவதைக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட இந்திய அரசாங்கமோ அதனை இன்னும் உறுதிசெய்யவில்லை.

தாலுகா ஆபீசிலும் போலீசிலும் அமர்ந்துள்ள நம் பிள்ளைகள் சிலரை இச்சபையிற் காண்கிறேன். என் வகுப்பிற் கிட்டிக்குப் பொருள் கேட்டபோது, கிட்டிப்புள் விளையாட்டையே கூறியவர்கள் இவர்கள்.