பத்து நிமிடம் யாருடைய கணக்கில்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் தொழிலாளர் உடல்நலம் என்றதும் குரோமியமும் பாலாற்றில் கலந்த கழிவுநீருமே பேச்சுக்கு வருகின்றன. அது நியாயம்தான், 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த புகழ்பெற்ற தீர்ப்பும் அதைப் பற்றியதே. இடுப்புவலிக்கு அப்படியொரு வழக்கு வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய் அட்டவணையில் குரோமியப் புண் இடம்பெற்றது, இடுப்புவலி இடம்பெறவில்லை. டேனரியில் ஊறிய தோலை டிரம்மிலிருந்து இழுத்துப் போடுபவருக்குப் பாரம் எமன். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்ணுக்கோ அசையாமல் குனிந்திருப்பதே எமன். வலி மூன்று மாதம் தாண்டினாலும் இருவருக்கும் கிடைப்பது இடுப்பு பெல்ட்டும் மாத்திரையும், "டிஸ்க் தேஞ்சுடுச்சு" என்ற அச்சமும்தான். அந்த அச்சத்தால் உடலை அசைக்காமல் வைத்திருப்பது வலியை இன்னும் வேரூன்றச் செய்கிறது.

முதுகைக் காக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை பழையது. அதைப் பாடமாகக் கற்பிக்கும் 'முதுகுப் பள்ளி' 1969இல் ஸ்வீடனில் தொடங்கியது; வால்வோ தொழிலாளரிடையே நடந்த சோதனை நல்ல பலனைக் காட்டவே, உலகெங்கும் பரவியது. ஆனால் அமெரிக்க அஞ்சல் ஊழியர் சுமார் 4,000 பேரிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வில், பாடம் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வேறுபாடு இல்லை. தடுப்பு முயற்சிகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது: கல்வி மட்டும் பயன் தரவில்லை, உடற்பயிற்சியோடு சேர்ந்த கல்வி வலி வரும் வாய்ப்பை ஏறத்தாழ 45 விழுக்காடு குறைத்தது. நாட்பட்ட வலிக்கும் பயிற்சி ஓரளவு உதவுகிறது என்பதற்கு 249 சோதனைகளின் தொகுப்பு சான்று. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வு. மருத்துவமனைப் பெண் ஊழியர் 200 பேர். வாரம் ஐந்து முறை, பத்துப் பத்து நிமிடப் பயிற்சி, பத்து வாரம். வேலை நேரத்தில், வேலையிடத்தில் செய்தவர்களுக்கு வீட்டில் செய்தவர்களைவிட வலி அதிகம் குறைந்தது. பயிற்சி எங்கே, யாருடைய நேரத்தில் நடக்கிறது என்பதும் மருந்தின் ஒரு பகுதி என்றே இதை நான் படிக்கிறேன்.

நாளெல்லாம் உழைப்பவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்பார்கள். ஒரே தசையை ஒரே திசையில், ஓய்வின்றி, டார்கெட்டுக்காக இயக்குவது உழைப்பு; பயிற்சி அந்தத் தசைக்கு மாற்றுத் திசையும் இளைப்பாறலும் தருவது. உற்பத்தி குறையும் என்பது நிர்வாகத்தின் வாதம். எட்டு மணி நேர ஷிப்டில் பத்து நிமிடம் இரண்டு விழுக்காடு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு லீவு போடுபவரின் நாளை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. கனமான மறுப்பு தொழிற்சங்கத்திலிருந்து வருகிறது: மேசை உயரத்தையும் நாற்காலியையும் திருத்தாமல் தொழிலாளியின் முதுகைத் திருத்துவது, குற்றத்தை அவர் தலையில் கட்டுவதாகும். வெறும் போதனைக்கு இது முழுக்கப் பொருந்தும். போதனைக்குச் செலவே இல்லை. சம்பள நேரத்தில் தரும் பத்து நிமிடத்துக்கு நிர்வாகம் விலை கொடுக்கிறது. அந்த விலை கண்ணில் பட்டால்தான் மேசையைத் திருத்துவது லாபம் என்பதும் புரியும். பாரத்துக்கு வரம்பிடவும் நின்று வேலை செய்பவருக்கு இருக்கை தரவும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34, 44ஆம் பிரிவுகள் அன்றே வழி செய்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

பயிற்சியும் மருந்தே என்பது வேலூருக்குப் புதிய பாடமும் அல்ல. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இங்கே தொழுநோயாளரின் விரல்களுக்குத் தசைநாண் மாற்றிப் பொருத்தியபோது, இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பயிற்சியால் கற்றுக்கொடுத்த பிறகே கை கையானது. ஆனால் என் வாதம் எட்டாத இடமும் ஒன்று உண்டு. ஆம்பூர்ப் பகுதியில் ஜோடிக் கணக்குக் கூலிக்கு வீட்டுத் தரையில் அமர்ந்து ஷூ மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்களுக்கு ஷிப்டும் இல்லை, ஆலைச் சங்கும் இல்லை. அவர்களுடைய பத்து நிமிடத்தை யார் கணக்கில் எழுதுவது? இந்தக் கூட்டத்தின் முதல் அமர்வு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.