நீச்சல் பழக்கும் கை

(பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. வானொலியில் வழங்கிய மறையுரை. நற்செய்தி: மத்தேயு 14:22-33)



இன்றைய நற்செய்தியில் ஒரு மனிதர் தண்ணீரில் மூழ்கப் போகிறார். அவர் கரையில் பிறந்து கரையிலேயே வளர்ந்தவர் அல்லர். கலிலேயக் கடலில் வலை வீசிப் பிழைத்த பேதுரு. யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார் என்று தெரிந்ததும், இதே பேதுரு படகு வந்து சேரும்வரை பொறுக்கவில்லை. கரைக்கு இருநூறு முழத் தொலைவு இருக்கும்போதே கடலில் குதித்துவிட்டார். அப்படியென்றால் அவர் தண்ணீருக்குப் புதியவர் அல்லர். ஆனால் இன்றைய இரவில், காற்றைப் பார்த்து அஞ்சிய அந்த நொடியில், அவருடைய பழக்கம் உதவவில்லை. கத்துகிறார்.

நீச்சல் பழகியவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். தண்ணீர் ஒருவனை இழுப்பதற்கு முன்னே பயம் அவனை இழுத்துவிடும். பயந்தவன் உடம்பை விறைப்பாக்குகிறான். தலையைத் தூக்குகிறான், கால் கீழே போகிறது, மூச்சு முட்டுகிறது. உடம்பைத் தளர்த்தி, தம் கட்டி, மல்லாக்கக் கிடந்தால் அதே தண்ணீர் அவனைத் தாங்கும்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில், ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பக்கங்களில், ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பள்ளிக்கூடம் தோட்டத்துக் கிணறுதான். பாறையை வெட்டி இறக்கிய அகலமான கிணறு. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல். மேலே மோட்டார் ரூம். அப்பாவோ, தாய்மாமனோ, பெரியப்பா வீட்டு அண்ணனோ வாத்தியார். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் முதுகில் கட்டுவார்கள். பிறகு லாரி டியூப் வந்தது, பிளாஸ்டிக் கேன் வந்தது. முறை மாறவில்லை.

அந்த முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அதற்குள் ஒரு நல்ல மறைக்கல்வி இருக்கிறது. பிள்ளையை எடுத்த உடனே நடுக்கிணற்றுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முதலில் கடைசிப் படியில் உட்கார வைத்துக் காலை நனைக்கச் சொல்வார்கள். அடுத்து, படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொல்வார்கள். பிறகு பழக்குகிறவர் தண்ணீருக்குள் இறங்கி, பிள்ளையின் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். சில நாள் போனதும் இரண்டு குடுக்கை ஒன்றாகும். பிறகு அந்த ஒன்றும் போகும். கடைசியில் வயிற்றுக்குக் கீழே இருந்த கை, பிள்ளைக்குத் தெரியாமலே விலகும். பிள்ளை நீந்திக்கொண்டிருக்கும். "பிடிச்சிருக்கீங்களா மாமா?" என்று கேட்கும்போது மாமா ஒரு முழம் தள்ளி நின்று சிரிப்பார்.

பனி விழும் நாடுகளிலும் இப்படித்தான். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற மலைநாடுகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே பனிச்சறுக்குப் பழக்குகிறார்கள். முதல் நாளே மலையுச்சிக்கு ஏற்றிவிடுவதில்லை. ஏறக்குறையச் சமதளமான இடத்தில் விழவும், விழுந்தால் எழவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்த பாடம் வேகமாகப் போவது அன்று, நிற்பது. காலில் கட்டிய இரண்டு பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் குறையும். நிற்கத் தெரிந்த பிள்ளையைத்தான் சரிவில் விடுகிறார்கள். புனித இரண்டாம் யோவான் பவுல் போலந்து மலைகளில் பனிச்சறுக்குப் பழகியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருத்தந்தையான பிறகும், 1984-ஆம் ஆண்டு ஜூலையில், இத்தாலியின் அதமெல்லோ மலையில் சறுக்கினார். இளையோரை மலைக்கும் ஆற்றுக்கும் கூட்டிப் போவதும் அவர் தம் குருத்துவப் பணியின் ஒரு பகுதியாக இருந்தது.

அன்பார்ந்தவர்களே, பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதில் இரண்டு தவறான வழிகள் உண்டு. ஒன்று, பிடித்துத் தள்ளிவிடுவது. "தள்ளிவிட்டால் தானா வந்துடுவான்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் வந்திருக்கலாம். ஆனால் அப்படித் தள்ளப்பட்ட பலர் அதன்பின் வாழ்நாள் முழுவதும் கிணற்றங்கரைக்குப் போகவில்லை. மற்றது, தண்ணீர்ப் பக்கமே விடாமல் வைத்திருப்பது. "தண்ணியில கண்டம் இருக்கு" என்று சொல்லி, பத்து வயது, பதினைந்து வயது வரைக்கும் பொத்திப் பொத்தி வளர்ப்பது. அந்தப் பிள்ளை ஒருநாள் நண்பர்களோடு வெளியே போகும். அங்கே அம்மா இருக்க மாட்டார், தண்ணீர் இருக்கும்.

விசுவாசத்திலும் இதே இரண்டு தவறுகளைச் செய்கிறோம். சிலர் அடித்து, மிரட்டிப் பிள்ளையைக் கோவிலுக்குத் தள்ளுகிறார்கள். சிலர் கேள்வியே கேட்க விடாமல், சந்தேகமே வர விடாமல் வளர்த்து, கல்லூரிக்கு வெளியூர் அனுப்புகிறார்கள். இரண்டு பிள்ளைகளுமே முதல் காற்றில் தடுமாறுகிறார்கள். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்திருக்கிறது. அந்த வேலையை மறைக்கல்வி ஆசிரியரிடமோ பங்குச் சாமியாரிடமோ மொத்தமாக ஒப்படைத்துவிட முடியாது. வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டிய கை உங்களுடையது.

ஆண்டவர் எப்படிப் பழக்குகிறார்? ஓசேயா இறைவாக்கினர் 11-ஆம் அதிகாரத்தில், எப்ராயிமின் கையைப் பிடித்து நடை பழக்கிய தந்தையாகக் கடவுளைக் காட்டுகிறார். இன்றைய நற்செய்தியிலும் அதே தந்தையின் மனம் தெரிகிறது. சீடர்களைப் படகில் ஏற்றி அனுப்பியவர் இயேசுவே. காற்று அடிக்கும் கடலுக்குள் அவர்களை அனுப்பினார், ஆனால் கைவிட்டுவிடவில்லை. மலையில் வேண்டிக்கொண்டிருந்தார், விடியுமுன் அவர்களைத் தேடி வந்தார். பேதுரு இறங்க ஆசைப்பட்டபோது தடுக்கவில்லை. அவர் மூழ்கத் தொடங்கியபோது, மத்தேயு எழுதியிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கையை நீட்டிப் பிடித்தார். அதன்பிறகுதான், ஏன் ஐயப்பட்டாய் என்று கேட்டார். முதலில் கை, பிறகு கண்டிப்பு. நம் வீடுகளில் பல நேரம் இது தலைகீழாக நடக்கிறது. தேர்வில் தோற்ற பிள்ளை, கெட்ட சகவாசத்தில் சிக்கிய பிள்ளை, கடனில் மூழ்கிய மகன் வாசலில் வந்து நிற்கிறான். நாம் முதலில் கண்டிக்கிறோம். கை நீட்டுவதற்குள் சிலர் போய்விடுகிறார்கள்.

இனி நான் சொல்லப் போவது உவமை அன்று. இது உயிர் சம்பந்தப்பட்ட காரியம், தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கில், 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறையக் கால் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் சொல்லிக்கொடுங்கள் என்பது அந்த நிறுவனம் தரும் முக்கியமான ஆலோசனைகளுள் ஒன்று. நம்மைவிட ஏழைகளான வங்கதேச கிராமத்தார், ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, அதற்குள் பிள்ளைகளை இறக்கி நீச்சல் பழக்குகிறார்கள்.

நம் பக்கத்தில் நிலைமை என்ன? கிணறுகள் வற்றின. நூற்றுக்கணக்கான அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டோம். ஆறங்குல குழாய்க்குள் யாரும் நீச்சல் பழக முடியாது. ஒரு தலைமுறையே நீந்தத் தெரியாமல் வளர்ந்துவிட்டது. ஆனால் தண்ணீர் போய்விடவில்லை. கைவிட்ட கல்குவாரிகளில் மழைநீர் நிற்கிறது. மணல் அள்ளிய ஆற்றில் பள்ளம் கிடக்கிறது. அணைகளுக்குச் சுற்றுலா போகிறோம்.

இன்னும் சில நாளில் வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்காக நம் இளைஞர்கள் காவி உடுத்திப் பாதயாத்திரை புறப்படுவார்கள். காவிரியும் கொள்ளிடமும் அவற்றின் கிளை ஆறுகளும் வழியில் இருக்கின்றன. நடந்த களைப்பில் தண்ணீரைக் கண்டதும் இறங்கத் தோன்றும். 2022 அக்டோபரில், பூண்டி மாதா ஆலயத்துக்குத் திருப்பயணம் வந்த தூத்துக்குடிப் பகுதியினர் ஆறு பேர் கொள்ளிடத்தில் மூழ்கி இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களும் அன்னையை நம்பி வந்தவர்கள்தாம். அன்னையின் மேல் பக்தி வேறு, ஆற்றின் ஆழம் வேறு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது பக்திக்கு எதிரான சொல் அன்று. ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனிடம், கடவுளைச் சோதிக்கக் கூடாது என்றுதான் இயேசுவும் பதில் சொன்னார்.

ஆகவே நான்கு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஆறு, ஏழு வயதான பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள். ஊரில் நல்ல கிணறு இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர் துணையோடு, கயிறும் மிதவையும் கட்டிப் பழக்குங்கள். நகரத்தில் இருப்பவர்கள், பயிற்றுநரும் உயிர்காப்பவரும் உள்ள நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போங்கள்.

இரண்டாவது, பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி துவைக்க அம்மாவோடு கண்மாய்க்குப் போவது பெண்பிள்ளைதான். அவளுக்குத்தான் பல வீடுகளில் நீச்சல் தெரியாது.

மூன்றாவது, ஒருவர் மூழ்கினால் பதற்றத்தில் அடுத்தடுத்துக் குதிக்காதீர்கள். தம்பியைக் காப்பாற்ற அண்ணன், மகனைக் காப்பாற்ற அப்பா என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று பெட்டி புறப்படுவது இப்படித்தான். கரையில் நின்று கயிற்றையோ, சேலை வேட்டியையோ வீசுங்கள். நீளமான கம்பை நீட்டுங்கள். மூடிய காலி கேனை எறியுங்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். கையை நீட்டுவதும் அன்புதான். நிலைத்து நின்று நீட்டினால்தான் அந்தக் கை காப்பாற்றும்.

நான்காவது, பாதயாத்திரைக் குழுத் தலைவர்களே, குளிக்கும் இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். உள்ளூர் மக்களிடம் கேட்காமல் ஒருவரையும் ஆற்றில் இறங்க விடாதீர்கள்.

நாம் எல்லாரும் தண்ணீர் வழியாகத்தான் திருச்சபைக்குள் வந்தோம். தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறுகிறவர் தண்ணீருக்குள் இறங்கி ஏறினார். அன்று அவரைப் பிடித்துத் தூக்க ஒரு கை இருந்தது. ஞானப்பெற்றோர் என்று நாம் அழைப்பவர்களின் கடமையும் அதுதான். திருமுழுக்கு நாளில் ஒரு தங்க மோதிரம் போட்டதோடு அது முடிவதில்லை. உங்கள் ஞானப்பிள்ளைக்கு இப்போது என்ன வயது, எந்தக் காற்றில் அது தத்தளிக்கிறது என்று இந்த வாரம் ஒரு தடவை போய்க் கேளுங்கள்.

ஆண்டவரே, தண்ணீர்ப் பக்கம் போகும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். பிள்ளைகளை இழந்து இன்றும் அழுதுகொண்டிருக்கும் பெற்றோரைத் தேற்றும். பேதுருவை நோக்கி உம் கையை நீட்டியதுபோல, மூழ்குகிறவர்களை நோக்கி எங்கள் கையை நீட்ட எங்களுக்கு மனமும் பலமும் தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.