இரண்டாம் பாகத்தின் போராட்டம்

வானொலி மறையுரை
தவக்காலம் முதல் ஞாயிறு
நற்செய்தி: லூக்கா 4:1-13



இன்றைய நற்செய்தியின் கடைசி வரியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. நாற்பது நாள் நோன்பு முடிகிறது. கல்லை அப்பமாக்கச் சொல்லும் சோதனை, உலகத்தின் அரசுகளைக் காட்டி மயக்கும் சோதனை, கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் சோதனை ஆகிய மூன்றிலும் ஆண்டவர் வெல்கிறார். இதே நிகழ்ச்சியை எழுதும் மத்தேயு, அலகை போய்விட்டது, வானதூதர் வந்து பணிவிடை செய்தனர் என்று முடிக்கிறார். லூக்கா அப்படி முடிக்கவில்லை. அலகை அகன்றது, ஆனால் அடுத்த தருணம் வரும்வரைதான் என்ற பொருளில் எழுதுகிறார். அந்தத் தருணம் ஒலிவ மலையில் வந்தது. இரத்தத் துளிகளைப்போல் வியர்வை சிந்திய இரவில் வந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகளின் மொழியில் சொன்னால், கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு.

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று சில திரைப்படங்களை வைத்துப் பேசப்போகிறேன். உங்கள் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் தமிழ் பேசிப் பார்க்கும் சூப்பர் ஹீரோ படங்கள்தான் அவை. முகமூடி அணிந்து கட்டடத்துக்குக் கட்டடம் தாவும் ஸ்பைடர்மேனை அறியாத பிள்ளை இல்லை. பிள்ளைகள் பார்ப்பதை நாமும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. அவற்றில் நம் விசுவாசத்தைத் தொடும் செய்தியும் இருக்கிறது.

சாம் ரெய்மி இயக்கிய முதல் ஸ்பைடர்மேன் படம் 2002இல் வந்தது. நியூயார்க் நகரில் தாய் தந்தை இல்லாமல் பெரியப்பா பென், பெரியம்மா மே வளர்ப்பில் இருக்கும் பீட்டர் பார்க்கர் என்ற மாணவனை ஒரு சிலந்தி கடிக்கிறது. அவனுக்கு வியத்தகு ஆற்றல் கிடைக்கிறது. ஒருநாள் கண்ணெதிரே ஓடும் திருடனைப் பிடிக்கக்கூடிய நிலையில் இருந்தும், எனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அதே இரவில் பெரியப்பா கொல்லப்படுகிறார். அந்தக் குற்ற உணர்விலிருந்துதான் அவன் பிறருக்கு உதவும் வீரனாகிறான்.

முதல் பாகம் கொடை கிடைப்பதைச் சொல்கிறது. 2004இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கொடையைச் சுமப்பதைச் சொல்கிறது. அதில் பீட்டருக்கு வீட்டு வாடகை கொடுக்கப் பணமில்லை. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை போகிறது. கல்லூரியில் பேராசிரியர் கண்டிக்கிறார். ஊரைக் காப்பாற்றுகிறவனால் தன் வாழ்க்கையை ஒழுங்காக நடத்த முடியவில்லை. ஒரு கட்டத்தில் அவனுடைய ஆற்றலே அவனைக் கைவிடுகிறது. தன் உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடந்துபோகிறான்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு எலியா இறைவாக்கினர் நினைவுக்கு வருகிறார். கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்றவர், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார். வெற்றிக்குப் பின்தான் அந்தச் சோர்வு வந்தது.

நம் கதையும் இதுதான். திருமுழுக்குப் பெற்றோம், உறுதிப்பூசுதல் பெற்றோம். திருமண நாளில் வாக்குறுதி கொடுத்தோம். தியானத்தில் கண்ணீர்விட்டு, இனிக் குடிக்கமாட்டேன் என்று சொன்னோம். பிறகு ஏன் மறுபடியும் போராட்டம்? என் விசுவாசம் பொய்யா என்று பலர் மனம் உடைகிறார்கள். திருஅவை இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. 1546இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் கற்பித்தது இதுதான்: திருமுழுக்கு பாவத்தை உண்மையாகவே நீக்குகிறது, ஆனால் பாவத்தின் பக்கம் சாய்கிற நாட்டம் நம்மில் தங்கியிருக்கிறது. நாம் போராடுவதற்காகவே அது விடப்பட்டிருக்கிறது. அதற்கு இணங்காமல், கிறிஸ்துவின் அருளால் எதிர்த்து நிற்பவரை அது கெடுக்க முடியாது. திருத்தூதர் பவுல்கூட, விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேனே என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புலம்புகிறார். ஆகவே, அன்புக்குரியவர்களே, மீண்டும் சோதனை வருவதாலேயே உங்கள் விசுவாசம் பொய்யாகிவிடாது. நீங்கள் இரண்டாம் பாகத்தில் இருக்கிறீர்கள்.

இனி வில்லன்களிடம் வருவோம். பழைய படங்களில் வில்லன் என்றால் பிறவியிலேயே கெட்டவன். இந்தப் படங்களில் அப்படி இல்லை. இரண்டாம் பாகத்தின் வில்லன் ஆட்டோ ஆக்டேவியஸ், மனைவியை நேசிக்கும் நல்ல அறிவியலாளர். அவருடைய சோதனை விபத்தில் முடிந்து மனைவி இறந்துபோகிறார். அவர் முதுகில் பொருத்திய நான்கு இயந்திரக் கைகள் அவருக்குக் கீழ்ப்படிவதை விட்டுவிட்டு, அவரை ஆட்டிப்படைக்கத் தொடங்குகின்றன. 2007இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஃபிளின்ட் மார்க்கோ என்ற சிறைக்கைதி வருகிறான். நோயாளி மகளின் சிகிச்சைக்குப் பணம் தேடியே குற்றவாளியானவன். அவன்தான் பிறகு மணல் மனிதனாகிறான்.

கவனித்துப் பாருங்கள். பீட்டருக்கும் காயம் இருக்கிறது, இவர்களுக்கும் காயம் இருக்கிறது. காயத்தில் வேறுபாடு இல்லை. அந்தக் காயத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. வில்லன் தன் காயத்தை உரிமைச் சீட்டாக வைத்துக்கொள்கிறான். எனக்கு இவ்வளவு நடந்தது, ஆகவே நான் எதையும் செய்யலாம் என்கிறான். பீட்டர் என்ன செய்கிறான்? இரண்டாம் பாகத்தில் சாப்பாட்டு மேசையில் பெரியம்மாவின் முன் உட்கார்ந்து, பெரியப்பாவின் சாவில் தனக்கு இருந்த பங்கை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். அந்த அம்மா தன் கையை இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மாடிப்படி ஏறிப் போகிறார். மன்னிப்பு உடனே வரவில்லை. சில நாள் கழித்து வருகிறது. உண்மையைச் சொன்னதே துணிச்சல் என்று அவனை அணைத்துக்கொள்கிறார்.

எந்தச் சண்டைக் காட்சியையும்விட இதுதான் படத்தின் பெரிய வீரச்செயல் என்பது என் எண்ணம். எதிரியை அடிக்கப் பலம் போதும். தான் செய்ததை அன்புக்குரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அதைவிடப் பெரியது வேண்டும்.

இப்போது மூன்றாம் பாகத்துக்கு வாருங்கள். விண்ணிலிருந்து விழுந்த ஏதோ ஒரு கறுப்புப் பொருள் பீட்டரின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நிறத்தில் குற்றமில்லை, அது செய்யும் வேலையில்தான் குற்றம். அது அவனுக்குப் பலத்தைக் கூட்டுகிறது, கூடவே கோபத்தையும் செருக்கையும் கூட்டுகிறது. அவனுக்கு அது பிடித்திருக்கிறது. பெரியப்பாவைச் சுட்டவன் மார்க்கோதான் என்று அறிந்து, பழிவாங்கக் கொல்லவும் முயல்கிறான். பெருமையோடு பெரியம்மாவிடம் வந்து, அவன் செத்துவிட்டான் என்கிறான். அவர் மகிழவில்லை. பழி என்பது நஞ்சு, அது நம்மையே மாற்றிவிடும் என்ற பொருளில் எச்சரிக்கிறார்.

அதே செருக்கில், எடி பிராக் என்ற புகைப்படக்காரனின் மோசடியைப் பீட்டர் அம்பலப்படுத்துகிறான். மோசடி உண்மைதான். எடி தயவு கேட்டுக் கெஞ்சும்போது, மன்னிப்பு வேண்டுமானால் கடவுளைத் தேடிப் போ என்பதுபோல ஏளனம் செய்கிறான். எடி உண்மையாகவே கோயிலுக்குப் போகிறான். எதற்கு? தீர்த்தத்தைத் தொட்டு, முன்னால் வந்து, பீட்டர் பார்க்கரைக் கொன்றுவிடும் என்று கடவுளிடம் வேண்டுவதற்கு.

அதே நேரத்தில் அதே கோயிலின் மணிக்கூண்டில் பீட்டர் இருக்கிறான். தன் காதலியையே அடித்துத் தள்ளிவிட்ட அதிர்ச்சியில், அந்தக் கறுப்பு உடையைத் தன்மேலிருந்து கிழித்தெடுக்கப் போராடுகிறான். தோலோடு ஒட்டியது எளிதில் வரவில்லை. கோயில் மணி ஒலிக்கும்போதுதான் அதன் பிடி தளர்கிறது. மேலே அவன் உரித்துப் போட்டது கீழே நிற்பவன்மேல் சொட்டி, அவனைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரே கோயிலில், ஒரே நேரத்தில், இரண்டு பேர். ஒருவன் தன் பகையைக் களையப் போராடுகிறான். மற்றவன் தன் பகைக்கு இறைவனைக் கூலியாளாக அமர்த்தப் பார்க்கிறான்.

சகோதர சகோதரிகளே, இந்த இரண்டு பேரும் ஞாயிறுதோறும் நம் கோயில்களில் இருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நான் சொல்லவில்லை. அதை எந்தக் குருவும் சொல்லமுடியாது. கோயில் முற்றத்தில் வெளிப்படையாகப் பேசப்படுவதைச் சொல்கிறேன். பாகப்பிரிவினையில் அரை சென்ட் நிலத்துக்காகப் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, ஒருவர் ஆண்கள் பக்கம் முன்வரிசையிலும் மற்றவர் வாசல் ஓரத்திலும் நின்று ஒரே நற்கருணையை வாங்குகிறார்கள். மருமகள் கெட்டுப்போக வேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் உண்டு. என் வயிற்றெரிச்சல் அவனைச் சும்மா விடாது, அந்தோணியார் பார்த்துக்கொள்வார் என்கிறவர்கள் உண்டு. புனிதர்கள் நம் அடியாட்கள் அல்ல. தன்னை அறைந்தவர்களுக்காக மன்றாடியவரிடம், அவனை அழித்துவிடும் என்று எப்படிக் கேட்பது?

படத்தின் முடிவைக் கேளுங்கள். எடியைப் பிடித்திருந்த தீமையிலிருந்து பீட்டர் அவனைப் பிய்த்து வெளியே இழுத்துவிடுகிறான். அவன் விடுதலையாகி நிற்கிறான். ஆனால் அந்தக் கறுப்புப் பொருள் அழியப்போவதைக் கண்டதும் தானே பாய்ந்து அதற்குள் மீண்டும் போய், அதோடு அழிகிறான். வெளியேறிய தீய ஆவி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதைப்பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை அதைவிடக் கொடியது அல்ல. பகை நம்மைக் கட்டிவைத்திருக்கிறது என்கிறோம். பல வேளைகளில் நாம்தான் அதைக் கட்டிப்பிடித்திருக்கிறோம்.

மார்க்கோவின் முடிவு வேறு. அந்த இரவில் என்ன நடந்தது என்று பீட்டரிடம் சொல்கிறான். மன்னிப்புக் கேட்க வரவில்லை, புரிந்துகொண்டால் போதும் என்கிறான். பீட்டர் தானும் தவறு செய்தவன்தான் என்பதை ஏற்றுக்கொண்டு, அவனை மன்னிக்கிறான். அவன் மணலாகிக் காற்றில் கலந்து போகிறான். பெரிய சண்டைப் படம் ஒன்று, வில்லனை வீழ்த்துவதில் முடியாமல் மன்னிப்பதில் முடிகிறது. 2021இல் வந்த 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தில் இந்தப் பழைய வில்லன்களில் சிலர் திரும்பி வருகிறார்கள். அதில் இளம் பீட்டர் அவர்களைச் சாவுக்குத் திருப்பி அனுப்ப மறுத்து, குணமாக்க முயல்கிறான். ஆக்டேவியஸ் தன் நல்ல மனத்தைத் திரும்பப் பெறுகிறார். அதற்கு அவன் கொடுக்கும் விலையும் பெரிது.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். முதலாவது, ஸ்பைடர்மேன் இயேசு அல்ல. இரண்டாம் பாகத்தில் கட்டுப்பாடிழந்து ஓடும் இரயிலை இரு கைகளையும் விரித்து நிறுத்துகிறான். மயங்கி விழுந்தவனைப் பயணிகள் தலைக்குமேல் தூக்கி உள்ளே கொண்டுபோகிறார்கள். பார்க்கும்போது சிலுவை நினைவுக்கு வரும். ஆனால் அவன் மீட்பர் அல்ல, மீட்கப்பட வேண்டியவன். அந்தப் பயணிகள் அவனைத் தாங்கியதுபோல், பங்குச் சமூகம் தாங்கவேண்டிய நம்மில் ஒருவன்.

இரண்டாவது, மன்னிப்பது என்றால் நீதியை விட்டுவிடுவது அல்ல. அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போய் அடிவாங்கு என்று திருஅவை எந்தப் பெண்ணுக்கும் சொல்லவில்லை. சட்டப்படி கேட்கவேண்டியதைக் கேட்கலாம். விலகி இருக்கவேண்டிய இடத்தில் விலகி இருக்கலாம். அவன் அழியவேண்டும் என்ற ஆசையைத்தான் விடச் சொல்கிறார் ஆண்டவர்.

இந்தத் தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறோம், நல்லது. சிலுவைப்பாதை செய்கிறோம், மிக நல்லது. அதோடு ஒன்று செய்யுங்கள். உங்கள் தோலோடு ஒட்டிப்போன ஒரு பகையின் பெயரை இன்றிரவு இறைவன் முன் சொல்லுங்கள். அந்த ஆளின் அழிவுக்காக அல்ல, அந்த ஆளின் நலனுக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள். முதல் நாள் வாய் மட்டும்தான் சொல்லும். பரவாயில்லை, மறுநாளும் சொல்லுங்கள். பிறகு ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். பீட்டரைப்போல் மாடிப்படி பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வானகத் தந்தை தம் கையை இழுத்துக்கொள்வதில்லை. தொலைவில் வரும்போதே ஓடிவருகிறவர் அவர்.

மணி ஒலிக்கும்போது அந்தத் தீமையின் பிடி தளர்ந்தது என்றேன். உங்கள் ஊர்க் கோயில் மணியும் இன்று மாலை ஒலிக்கும். அதைக் கேட்டுக் கிளம்பி வாருங்கள்.

பாலைநிலத்திலும் ஒலிவ மலையிலும் நமக்காகப் போராடி வென்ற ஆண்டவர், நம் போராட்டத்தில் நம்மோடு இருப்பாராக. ஆமென்.