பெட்ரோல் சிக்கனம்: சட்டமா, போட்டியா?
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோட்டார் வண்டி குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடவேண்டுமாயின், அதற்கு அரசாங்கத்தின் சட்டம் வேண்டுமா, வியாபாரப் போட்டியே போதுமா என்பது இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள். இவ்விரு வழிகளையும் ஐம்பதாண்டுகளாகப் பரீட்சித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. ஆதலின் அந்நாட்டின் அனுபவத்தையே சான்றாகக் கொள்வோம்.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அந்நாளில் அந்நாட்டுப் புது வண்டிகள் காலனுக்குச் சராசரி 13 மைலே ஓடின. 1975 டிசம்பரில் ஜனாதிபதி போர்டு கையொப்பமிட்ட சட்டம், ஒவ்வொரு கம்பெனியாரும் விற்கும் கார்களின் சராசரி 1978-இல் 18 மைலாகவும், 1985-இல் 27.5 மைலாகவும் உயரவேண்டுமென விதித்தது. தவறினோர்க்கு அபராதமும் உண்டு. இக்கணக்கு பரிசோதனைக் கூடத்தில் எடுக்கப்படுவது. சாலையில் கிடைப்பது அதனினும் குறைவே.

போட்டியே போதும் என்பாரது வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பெட்ரோல் விலை ஏறியபோது அமெரிக்க மக்கள் தாமாகவே ஜப்பானியச் சிறு வண்டிகளை நாடினர். 1997-இல் டொயோடா கம்பெனியார் ஜப்பானில் விற்கத் தொடங்கிய பிரியஸ் வண்டி, பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரையும் இணைத்து, பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியை மின்சாரமாகச் சேமித்தது. இத்தகைய நுட்பங்களைச் சட்டசபையார் வரைந்து கொடுத்தல் இயலாது.

ஆயினும் விலை இறங்கிய காலத்தில் நிகழ்ந்தது யாது? 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. சட்டத்தின் அளவும் சில ஆண்டுகள் தளர்த்தப்பட்டு, 1990-இல் மீண்டும் 27.5-க்கு வந்து, ஏறக்குறைய இருபதாண்டுகள் அங்கேயே நின்றது. 1987-இல் காலனுக்குச் சுமார் 22 மைல் ஓடிய புது வண்டிகள், 2004-இல் சுமார் 19 மைலே ஓடின. அதே காலத்தில் எஞ்சினின் சராசரி வலிமையோ 118 குதிரைத்திறனிலிருந்து 211 ஆக வளர்ந்தது. அறிவு வளராமலில்லை, வளர்ந்த அறிவெல்லாம் பாரத்துக்கும் வேகத்துக்கும் செலவாயிற்று. வறட்சியில் கிணறு தோண்டுவோர், மழை பெய்ததும் மண்வெட்டியைப் பரணில் போடுவதொக்கும் இது. வாங்குவோர் விரும்பும் திசையிலேயே போட்டி ஓடும். அவர் பெட்ரோலுக்கு விலை கொடுக்கிறார். அவரது வண்டியின் புகைக்கோ அயலார் விலை கொடுக்கின்றனர்.

சட்டமும் குற்றமற்றதன்று. பாரம் ஏற்றும் சிறு லாரிகளுக்குத் தளர்ந்த அளவு விதிக்கப்பட்டிருந்தது. கம்பெனியார் குடும்பத்தார் ஏறிச்செல்லும் பெருவண்டிகளையும் அவ்வகுப்பில் சேர்த்து ஏராளமாக விற்றனர். சந்து விட்ட வேலி பயிரைக் காவாது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதி மீண்டும் இறுகிற்று; 2023-ஆம் ஆண்டுப் புது வண்டிகளின் சராசரி, மின்சார வண்டிகளையும் சேர்த்து, சுமார் 27 மைலாயிற்று. ஆனால் 2025-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் அபராதத்தை ஒன்றுமில்லாததாக்கிவிட்டது. அபராதமற்ற விதி ஏட்டளவில் நிற்பதே.

ஆகவே, நாம் கொள்ளும் முடிபு இது: எல்லையை வகுத்தல் சட்டத்தின் கடன், அதை எட்டும் வழியைக் காணுதல் போட்டியின் கடன். விலை உயர்ந்தபோது இரண்டும் ஒருங்கே நிற்கும். விலை தாழ்ந்தபோது, பெற்ற நன்மையை இழவாமற் காப்பது சட்டமே.

நம் நாட்டிலும் 2017 முதல் இத்தகைய சராசரி விதி அமுலில் இருக்கிறது. ஒருமுறை வாங்கிய வண்டி பல்லாண்டு நம் வீட்டில் நிற்கும். ஆதலின் வாங்குமுன் அதன் நிறத்தையும் பருமனையும் நோக்குவதோடமையாது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் வினவ வேண்டும். அவ்வினாவைக் கேட்பார் பெருகினால்தான் போட்டியும் நல்வழியில் ஓடும் என்று கூறி அமைகின்றோம்.