பீரோவில் இருக்கிறது திரைச்சீலை

வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போகிறீர்களா? முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். அடியில் மடித்துக் கிடக்கும் பழைய நூல் புடவையை எடுங்கள். காரைக்குடிக் கண்டாங்கி என்றால் இன்னும் விசேஷம். அந்தக் கட்டமும் அகலக் கரையும் ஜன்னலுக்கு அவ்வளவு எடுப்பு!

ஒரு புடவை 5 மீட்டருக்கு மேல் நீளம். இரண்டு ஜன்னலுக்குத் தாராளம். கரை இரு பக்கமும் நிற்கட்டும். முந்தானை கீழே வரட்டும். மேலே கம்பி நுழைய நான்கு விரல் அகலம் மடித்துத் தையுங்கள்.

வெயில் படும் ஜன்னலா? வெளிப்பக்கம் பழைய வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தையுங்கள். வெயிலை வேட்டி தாங்கும். புடவைச் சாயம் சீக்கிரம் வெளுக்காது.

ஒரு அறைக்கு ஒரே புடவை. அதுதான் அழகு. புதுத்துணி வேண்டாம், பழைய புடவை போதும். செலவு தையல்கூலி மட்டுமே. இன்றே பீரோவைத் திறந்து பாருங்கள்!